சுண்ணாம்புக் கோட்டின் மேல் என் கால்

இந்த வாரம் எழுதப்போவதைப் பல வருஷங்களாக எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன். இந்தத் தொடரின் முதல் வாரமே எழுதியிருக்க வேண்டியது. ஒவ்வொரு வாரமும் பேப்பரை எடுத்து வைத்து, ஒரு சின்ன ஜெபம் செய்துவிட்டு, வேறு எதையாவது எழுதி அனுப்பிவிடுவேன். தாம்பரம் ஸ்டேஷனைப் பற்றி எழுதினேன். ஏரியைப் பற்றி எழுதினேன். போன வாரம் மண்ணெண்ணெய் க்யூவைப் பற்றி எழுதினேன். வாசகர்கள் நல்ல மனசோடு கடிதம் போட்டார்கள். எதை எழுதாமல் இருப்பதற்காக அதையெல்லாம் எழுதினேன் என்று எனக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும்.

இனிமேல் தள்ள முடியாது. ஏன் முடியாது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

சுவர் இல்லாத வீடு

சேலையூருக்கு அந்தப் பக்கம், ஏரிக்கரையை விட்டுத் தள்ளி ஒரு பொட்டல். ஒரு சனிக்கிழமை காலை. தரையில் சுண்ணாம்புத் தூளால் ஒரு வீடு போட்டிருக்கிறது. காகிதத்தில் போடுகிற சின்னப் படம் இல்லை, நிஜ வீட்டின் அளவு. கோடு நாலு விரல் அகலம். இது ஹால், இது படுக்கை அறை, இது சமையல் அறை.

சமையல் அறை என்று போட்டிருந்த கட்டத்துக்குள் என் மனைவி எஸ்தர் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பம்ப் அடித்துக்கொண்டிருக்கிறாள். படுக்கை அறைக்குள் பாய் விரித்து என் இரண்டு பெண்களும் உருளுகிறார்கள். நான் ஹாலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். மேலே பயிற்சி விமானம் ஒன்று தாழ்வாக வட்டம் போடுகிறது. காற்றில் உப்புமா தாளித்த வாசனை.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு அம்மா நின்று பார்த்தாள்.

"இன்னாம்மா, வூடு எங்க? காத்து அட்ச்சிகினு பூட்ச்சா?"

எஸ்தர் சிரிக்காமல் பதில் சொன்னாள். "இதான் வீடு. வாசல் அந்தப் பக்கம். சுத்தி வாங்க."

அந்த அம்மா நிஜமாகவே சுற்றிப் போய், வாசல் என்று விட்டிருந்த இடைவெளி வழியாக உள்ளே வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள். ஆடுகள் மட்டும் சுவரைத் தாண்டிப் போயின.

எஸ்தர் ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் கையை உயர்த்தி, இல்லாத சுவரைத் தொட்டுக் காட்டினாள். "இங்க ஆணி அடிக்கலாமில்ல?"

அந்தக் கேள்வி வாசகர்களுக்குச் சின்னதாகத் தெரியலாம். நாங்கள் அப்போது மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்கார அம்மா ஆணி அடிக்க விடமாட்டார். வசனம் போட்ட காலண்டரைக் கூட ஜன்னல் கம்பியில்தான் கட்டித் தொங்க விட்டிருந்தோம். காற்று அடித்தால் வசனம் திரும்பிக்கொள்ளும்.

"அடிக்கலாம்," என்றேன். அந்த வீடு எங்களுடையது இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

நடை பார்ப்பது

சபாபதி சார் ஆர்க்கிடெக்ட். அவருடைய ஆபீசில் நான் டிரேசர். பென்சிலில் அவர் போடும் பிளானை மேலே துணி வைத்து மையால் நகல் எடுப்பது என் வேலை. எட்டாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை. ஆனால் கை நடுங்காது, எழுத்து மணிமணியாக இருக்கும். அதற்காகத்தான் எடுத்தார்.

அந்த டிரேசிங் துணியைப் பற்றி ஒரு வார்த்தை. கஞ்சி போட்டு மொடமொடவென்று கண்ணாடி மாதிரி இருக்கும். மை கொட்டிக் கெட்டுப்போன துணியை எஸ்தர் வெந்நீரில் ஊறப் போட்டுக் கஞ்சியை எடுப்பாள். உள்ளே இருப்பது பட்டு மாதிரி மெல்லிய வெள்ளைத் துணி. என் பெரிய பெண்ணுக்கு ஞானஸ்நானத்துக்குத் தைத்த கவுன் அந்தத் துணிதான். உற்றுப் பார்த்தால் முதுகுப் பக்கம் யாரோ ஒருவருடைய மாடிப்படி லேசாகத் தெரியும்.

சாருக்கு ஒரு பழக்கம் இருந்தது. வேறு எந்த ஆர்க்கிடெக்டும் அதைச் செய்து நான் பார்த்ததில்லை. கடைக்கால் தோண்டுவதற்கு முன்னால் மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, வீட்டுக்காரர் குடும்பத்தை ஒரு நாள் முழுக்க அதற்குள் இருக்கச் சொல்வார். சமைக்கணும், சாப்பிடணும், மத்தியானம் படுக்கணும். செருப்பு கூடாது. இதற்கு அவர் வைத்த பெயர் 'நடை பார்க்கிறது'.

காலையில் எல்லாரும் ஒழுங்காக வாசல் விட்ட இடத்தில் போய் வருவார்கள். பத்து மணிக்கு மேல் மறந்துவிடுவார்கள். சோம்பல் வந்துவிடும். கோட்டைத் தாண்டி நடப்பார்கள். சாயங்காலம் சார் வந்து குந்தி உட்கார்ந்து பார்ப்பார். எங்கே சுண்ணாம்பு தேய்ந்திருக்கிறதோ அங்கே கதவு. எங்கே கோடு அப்படியே இருக்கிறதோ அங்கே சுவர். "வாய் பொய் சொல்லும், கால் சொல்லாதுய்யா," என்பார்.

குரோம்பேட்டையில் ஒரு ரிட்டயர்டு ரயில்வே கார்டு வீடு கட்டினார். அவர் கால் அன்று முழுக்க ஒரே மூலைக்குப் போய்ப் போய் வந்திருந்தது. என்ன என்று பார்த்தால் அந்த மூலையில் நின்றால்தான் தண்டவாளம் தெரியும். சார் அங்கே ஒரு ஜன்னல் வைத்தார். அந்தப் பெரியவர் கண் மூடுகிறவரை அந்த ஜன்னல் ஓரத்தில்தான் நாற்காலி போட்டிருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நடைக்கு ஒரு சட்டமும் உண்டு. ஆபீஸ் ஆட்கள் யாரும் கோட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. நான், மேஸ்திரி ஏழுமலை, சார் உட்பட எல்லாரும் வெளியே நிற்க வேண்டும்.

ஓனர் யார்

இருபது வருஷம் ஊரார் வீட்டுக்கு பிளான் போட்டுப் போட்டு சாருக்கு அலுத்துவிட்டது. நடை பார்த்துக் கட்டிய வீட்டையும் வீட்டுக்காரர்கள் அப்படியே விடுவதில்லை. பல்லாவரத்தில் ஒரு அரிசி மண்டிக்காரர், வீடு முடிந்து சாவி கொடுத்த ஒரே மாசத்தில், முன்பக்கம் சினிமாக் கொட்டகை மாதிரி ஒரு முகப்பை ஒட்ட வைத்து மயில் பச்சை அடித்துவிட்டார். சார் ரோட்டில் நின்று அதைப் பார்த்தார். திரும்பி வரும்போது ரயிலில் சொன்னார்:

"தேவசகாயம், போதும்யா. இனிமே நிலமும் நம்மளது, பிளானும் நம்மளது. நாமளே கட்டி, முடிச்ச வீட்டை வித்துடுவோம். பிடிச்சவன் வாங்கட்டும். இனிமே ஓனர் நான்தான்."

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் யாரும் அப்படிச் செய்ததில்லை. மனை வாங்குவார்கள், நாலு வருஷம் வேலி போட்டு வைப்பார்கள், பிறகு அவரவர் வீட்டை அவரவர் கட்டிக்கொள்வார்கள். கட்டி முடித்த வீட்டைக் கடையில் சட்டை வாங்குகிற மாதிரி வாங்குவது என்பது புதுசு. கூடப் படித்த ஆர்க்கிடெக்டுகள், "சபாபதி வீட்டு வியாபாரி ஆயிட்டான்," என்று கேலி செய்தார்கள். சார் மாம்பலத்தில் இருந்த தன் சொந்த வீட்டை விற்றார். சேலையூரில் அந்தப் பொட்டலை வாங்கினார். ஆறு வீடு, ஆறுக்கும் ஒரே பிளான். அந்த ஆறும் விற்காவிட்டால் ஆபீசை மூடிவிட்டு, யாராவது கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேனாகச் சேர வேண்டியதுதான். அவருக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது.

ஏழுமலை மேஸ்திரி கேட்டார்: "நீயே ஓனர்னா, நம்மள யாரு சார் திட்றது?"

சார் சிரித்தார். நானும் சிரித்தேன். அது சிரிக்கிற கேள்வி இல்லை என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியவில்லை.

ஓனரே சார்தான் என்றதும் நடை பார்க்க ஆள் இல்லாமல் போய்விட்டது. அவருக்குப் பிள்ளைகள் கிடையாது. "என் வீட்ல ரெண்டு பேர். ரெண்டு பேர் கால் போதாது. உன் வீட்டுக்காரம்மாவையும் பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு வாய்யா," என்றார்.

ஆபீஸ் ஆள் கோட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்ற சட்டம் அவருக்கு ஞாபகம் வரவில்லை. எனக்கு வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

நாலுக்கு ஐந்து

இப்போது அந்தச் சனிக்கிழமைக்குத் திரும்புகிறேன்.

ஹாலின் ஈசானிய மூலையில் ஒரு சின்ன அறை போட்டிருந்தது. நாலடிக்கு ஐந்தடி. பூஜை அறை. நூற்றுக்கணக்கான பிளானில் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் 'பூஜை' என்று நான் என் கையால் எழுதியிருக்கிறேன். கை பழக்கத்தில் சார் இதிலும் போட்டிருந்தார்.

சாப்பாட்டுக்கு முன்னால் நாங்கள் நாலு பேரும் ஹாலில் முழங்கால் போட்டு ஜெபித்தோம். மண் சுட்டது. அந்த வெட்டவெளியில் ஜெபித்தபோது எனக்கு ஒரு நினைப்பு வந்தது. இந்த மூலையில் அந்த அறை இல்லையென்றால் கிழக்கே ஒரு பெரிய ஜன்னல் வரும். காலை ஜெபத்துக்கு வெயில் நேரே முகத்தில் விழும். எஸ்தர் இந்தச் சுவரில் ஆணி அடித்து வசனத்தை மாட்டுவாள். வசனம் திரும்பிக்கொள்ளாது.

ஜெபத்துக்கு நடுவில் வந்த நினைப்பு அது. அடுத்தவன் வீட்டின்மேல் ஆசை வைக்காதே என்பது பத்தாவது கட்டளை. சின்ன வயசில் ஞாயிறு பள்ளியில் அதை ஒப்பித்துப் பரிசு வாங்கியவன் நான்.

எஸ்தர் பாத்திரம் கழுவக் கிணற்றடிக்குப் போனாள். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். நான் எழுந்து போய் அந்தச் சின்ன அறையின் கோட்டின் மேல் காலை வைத்தேன். மெதுவாகத் தேய்த்துக்கொண்டே நடந்தேன். நாலு பக்கமும். சுண்ணாம்பு விரல் இடுக்கில் ஏறியது. கொஞ்சம் எரிந்தது.

எஸ்தர் திரும்பி வந்து பார்த்தாள். "உங்க கால்ல மட்டும் ஏன் இவ்ளோ சுண்ணாம்பு?"

"நடந்தேன்ல," என்றேன்.

அவள் சொம்பிலிருந்த தண்ணீரை என் காலில் ஊற்றினாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை.

நாலு மணிக்கு சார் வந்தார். குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு கோடாகப் பார்த்தார். அந்த மூலையில் மட்டும் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

"இந்த ரூமே இல்லாத மாதிரி நடந்திருக்கீங்களே."

"ஆமா சார்."

பையிலிருந்து ரப்பரை எடுத்து, கையிலிருந்த பிளானில் அந்தக் கட்டத்தை அழித்தார். ஊதினார். திங்கட்கிழமை நான் ஆறு வீட்டுக்கும் புதுத் துணியில் மை போட்டேன். ஆறிலும் பூஜை அறை கிடையாது. ஆறிலும் கிழக்கே பெரிய ஜன்னல்.

சாமி எங்கே

வீடுகள் அழகாகத்தான் வந்தன. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சிவப்புத் தரை, கண்ணாடி மாதிரி தேய்த்தது. நடு மத்தியானத்தில் ஃபேன் இல்லாமல் ஹாலில் படுக்கலாம். தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி ஜட்கா வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக வந்து பார்த்தார்கள். ஆண்பிள்ளைகள் கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள், சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், தலையை ஆட்டுவார்கள். பெண்கள் ஒரு சுற்று சுற்றிவிட்டு ஹாலுக்கு வந்து நிற்பார்கள்.

"சாமி ரூம் எங்கங்க?"

சார் ஆரம்பத்தில் சந்தோஷமாக விளக்கம் சொன்னார். "இந்த ஹாலே கோயில் மாதிரிதாம்மா. வெளிச்சத்தைப் பாருங்க."

ஒரு அம்மா சொன்னதை மறக்க முடியாது. "கோயில்ல செருப்பு ஸ்டாண்டும் ரேடியோவும் இருக்காதுங்களே." சொல்லிவிட்டுப் புருஷனைப் பார்த்தார். புருஷன் ஜட்காக்காரனைக் கூப்பிட்டார்.

பம்மலிலிருந்து ஒரு தோல் வியாபாரி வந்தார். முஸ்லிம் பெரியவர், நிதானமான மனிதர். பூஜை அறை இல்லாதது அவருக்குத் தோதாக இருந்தது. ஆனால் கக்கூசில் பீடம் மேற்குப் பார்த்திருந்தது. அது தொழுகிற திசை.

"அதை மட்டும் தெற்கு வடக்காத் திருப்பிக் கொடுத்துடுங்க சார். நாளைக்கே பேசி முடிச்சுக்கலாம்."

"ஆளுக்கு ஆள் சொல்றதை மாத்துறதுக்கு நான் எதுக்குங்க ஓனர் ஆகணும்?" என்றார் சார்.

பெரியவர் கோபப்படவில்லை. "நீங்க ஓனருதான். ஆனா குடியிருக்கப் போறது நாங்க," என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு குடும்பம் வேண்டாம் என்று திரும்பிப் போகிற ஒவ்வொரு ஞாயிறும் நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சார் பக்கத்தில் நின்றேன். வீட்டுக்குப் போனதும் எஸ்தர் கேட்பாள், "இன்னைக்கும் யாரும் எடுக்கலையா?"

"எடுக்கலை."

இரண்டு பேரும் சிரிக்கமாட்டோம். ஆனால் அன்றைக்கு ராச்சாப்பாடு கொஞ்சம் ருசியாக இருக்கும். ஜெபத்தில் நான் ஸ்தோத்திரம் சொன்னேன். எதற்கு ஸ்தோத்திரம் என்று ஆண்டவருக்கு விளக்கவில்லை. அவருக்குத் தெரியாதா?

சுவரில் வழிந்த குங்குமம்

ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஆறு வீட்டின் முன்னாலும் புல் முழங்கால் உயரம் வளர்ந்தது. மாம்பலம் வீட்டை விட்டு வந்ததிலிருந்து சார் வாடகைக்கு இருந்தார். இப்போது அதையும் விட்டுவிட்டு ஒன்றாம் நம்பர் வீட்டுக்கே குடிவந்தார். அவருடைய மனைவி ஜானகி அம்மா காலையில் விளக்கு ஏற்றாமல் காப்பி குடிக்காதவர். சாமி படங்களையெல்லாம் கொண்டுவந்து எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்தார். கடைசியில் கிழக்கு ஜன்னலின் கட்டை மேல் வரிசையாக வைத்தார்.

ஐப்பசி மழை. ஒரு நாள் காலையில் கையெழுத்துக்காக நான் காகிதங்களோடு அங்கே போனேன். ராத்திரி முழுக்க அடித்த சாரலில் ஜன்னல் வழியாகத் தண்ணீர் வந்திருந்தது. படங்களில் இருந்த மஞ்சளும் குங்குமமும் கரைந்து, வெள்ளைச் சுவரில் சிவப்பாக வழிந்து, தரை வரைக்கும் கோடு போட்டிருந்தது. ஜானகி அம்மா ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கத் துடைக்கக் கறை பரவியது.

என்னைப் பார்த்துச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. "ஊருக்கெல்லாம் சாமி ரூம் வச்சுக் குடுத்த மனுஷன். எங்க சாமிக்கு மட்டும் ஜன்னல். உங்க சாருக்கு அடுத்த மாசம் வேலை கிடைச்சுடும்பா. கம்பெனிக்கு லெட்டர் போட்டிருக்கார். அப்புறம் இந்த வயசுல யாரோ ஒருத்தருக்கு எழுந்து நின்னு குட்மார்னிங் சொல்லணும்."

எனக்கு அந்தச் சிவப்புக் கோட்டிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

சார் ஆறாம் நம்பர் வீட்டில் ஏழுமலை மேஸ்திரியோடு ஒழுகுகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன்.

"சார், அன்னைக்கு அந்த ரூம் கோட்டை நான்தான் அழிச்சேன். யாரும் நடக்கலை. வேணும்னே காலால தேய்ச்சேன்."

அவர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"தெரியும்யா."

பென்சிலைத் திருப்பிப் பிடித்து இன்னொரு பக்கம் சீவினார்.

"நடக்கிறவன் கால் கோட்டைக் குறுக்காத் தேய்க்கும். அங்க கோட்டோட நீளத்துக்கே தேய்ச்சிருந்துச்சு. நாலு பக்கமும். எந்தக் குடும்பம்யா சுவர் மேலேயே நடக்கும்?"

"அப்புறம் ஏன் சார் அழிச்சீங்க?"

சீவிய துகளை ஊதினார். "எனக்கும் அந்த ரூம் பிடிக்கலை. இருபது வருஷமா எல்லா ஓனரும் அந்த மூலையத்தான் கேட்டான். கிழக்கு வெளிச்சம் பூரா அதுக்கே போயிடும். நம்ம வீட்லயாவது எடுத்துடணும்னு உள்ளுக்குள்ள இருந்துச்சு, தைரியம் வரலை. போய்ப் பாத்தா நீ அழிச்சு வச்சிருக்கே. கால் சொல்லிடுச்சுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

ஏழுமலை மேஸ்திரிதான் பேசினார்.

"நல்லா கீது போ. சாரும் ஓனரு, நீயும் ஓனரு. வாங்குறவன் கால எவன் பாத்தான்?"

திரும்பவும் நடை

அடுத்த வாரத்திலிருந்து சார் வீடு பார்க்க வருகிறவர்களிடம் விளக்கம் சொல்வதை நிறுத்தினார். சாவியைக் கொடுப்பார். "காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் உள்ள இருந்து பாருங்க. சமையுங்க. சாப்பிடுங்க. அப்புறம் பேசலாம்." நாங்கள் மூன்று பேரும் கேட்டுக்கு வெளியே நின்றோம்.

சுவர் எழும்பிய வீட்டில் கால் தடம் எப்படித் தெரியும்? ஏழுமலை ஒரு வழி செய்தார். சிவப்புத் தரையில் மெல்லிசாகக் கோலமாவைத் தூவி வைத்தார். சாயங்காலம் போய்ப் பார்த்தால், எங்கே நின்றார்கள், எங்கே திரும்பினார்கள், எந்த மூலையில் போய் நின்று யோசித்தார்கள் என்று எல்லாம் தெரியும். கட்டிய வீட்டை சார் தன் கையாலேயே கோடு போட்டு இடிக்கச் சொன்னார். இரண்டாம் நம்பரில் ஈசானிய மூலையில் நாலுக்கு ஐந்து அறை வந்தது. மூன்றாம் நம்பர்க்காரம்மா, "ரூமெல்லாம் வேணாங்க, கதவு போட்ட ஒரு மாடம் போதும்," என்றார். நாலாம் நம்பரை ஒரு கத்தோலிக்க டீச்சரம்மா அப்படியே வாங்கிக்கொண்டார். ஐந்தாம் நம்பரில் பீடத்தைத் திருப்பிவிட்டு, சாரே பம்மலுக்குப் போய் அந்தப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். முதல் வேலையாக ஒன்றாம் நம்பரில் ஜானகி அம்மாவுக்கு ஒரு அறை எழுந்தது. அந்தக் கிழக்கு ஜன்னல் போய்விட்டது. சார் கம்பெனி வேலைக்குப் போகவில்லை.

ஆறாம் நம்பர் கடைசி வரை நின்றது. அதில் எந்த மாற்றமும் இல்லை.

"இது உன் காலுக்குப் போட்ட வீடுய்யா. வேற யாருக்கும் பொருந்தாது. நீயே வச்சுக்கோ," என்றார் சார். சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்கிற ஏற்பாடு. பல வருஷம் பிடித்தார். இதை எழுதுவது அந்த வீட்டில் உட்கார்ந்துதான். குடிவந்த அன்று எஸ்தர் கிழக்குச் சுவரில் ஆணி அடித்தாள். சுத்தியல் இல்லை, அம்மிக் குழவியால் அடித்தாள்.

சாட்சி

என் தப்பு அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

வீடு பிரதிஷ்டை ஆன அடுத்த ஞாயிறு சபையில் என்னைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். எழுந்தேன். எல்லாவற்றையும் சொல்வதாகத்தான் எழுந்தேன். வாயில் வந்தது வேறு. "எத்தனையோ பேர் வந்து பார்த்தார்கள். ஒருவராலும் இந்த வீட்டை வாங்க முடியவில்லை. ஆண்டவர் எங்களுக்கென்றே பூட்டி வைத்திருந்தார்." சபை ஸ்தோத்திரம் சொன்னது. உட்கார்ந்தபோது எஸ்தர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தாள்.

அந்தச் சாட்சி பிறகு தன் பாட்டுக்கு நடந்தது. பம்மலில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் கேட்டபோது, வாங்க வந்தவர்கள் கையில் சாவி திரும்பவில்லை என்றார்கள். பொழிச்சலூரில் கேட்டபோது அந்தக் கிழக்கு மூலையில் யாரோ ஒரு வெளிச்சத்தைப் பார்த்திருந்தார்கள். நான் மறுக்கவில்லை. மறுத்தால் அவர்கள் விசுவாசம் தளரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சார் அன்றைக்கு, கால் சொல்லிவிட்டது என்று சொல்லிக்கொண்டாரே, அதே மாதிரிதான்.

சாரும் ஜானகி அம்மாவும் இப்போது இல்லை. ஏழுமலை மேஸ்திரியும் இல்லை.

போன மாசம் மேடவாக்கத்தில் ஒரு கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் ஒரு இளம் தம்பதி. என்னை யாரென்று அவர்களுக்குத் தெரியாது. பேச்சு வாக்கில் அந்தப் பெண் சொன்னாள்.

"எங்களுக்கு ஒரு ஃபிளாட் பிடிச்சிருக்கு அங்கிள். இப்ப வாங்க முடியாது. வேற யாரும் அதை வாங்கிடக் கூடாதுன்னு உபவாசம் இருந்து ஜெபிக்கிறோம். சேலையூர்ல ஒரு குடும்பத்துக்கு ஆண்டவர் அப்படித்தான் வச்சுக் குடுத்தாராம். ஆறு வருஷம் சாவியே திரும்பலையாம்."

"வித்தாத்தானேம்மா அதைக் கட்டினவர் பிழைக்க முடியும்?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அது யாருன்னு தெரியலையே அங்கிள்," என்றாள்.

யாரென்று எனக்குத் தெரியும். அவர் வீட்டில் ஒரு அம்மா ஈரத் துணியோடு சுவரைத் துடைத்துக்கொண்டிருந்ததும் தெரியும். அங்கேயே அந்தப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்க வேண்டும். பந்தியில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன்.

ஆண்டவர் எனக்கு வீடு கொடுத்தார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதை அவர் யாரிடமிருந்தும் பூட்டி வைக்கவில்லை. பூட்டியது என் கால்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தச் சாட்சியை எங்காவது கேட்டால், இதை எடுத்துச் சொல்லுங்கள். அந்த மேடவாக்கம் பிள்ளைகள் காதுக்கு எட்டினால் ரொம்ப நல்லது. சொல்லும்போது எதையும் கூட்ட வேண்டாம். சாவி எல்லார் கையிலும் திரும்பியது. மூலையில் வந்த வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்த காலை வெயில்தான். என்மேல் இரக்கப்பட்டு எதையும் குறைக்கவும் வேண்டாம். சுண்ணாம்புக் கோட்டை நான் குறுக்கே தாண்டவில்லை, நீளத்துக்குத் தேய்த்தேன். அதை அப்படியே சொல்லுங்கள்.